தடுப்பூசி ஆய்வுக்கு வருகிறவர்கள் சறுக்கும் இடங்கள்

ஊசி போட்ட எலியின் ரத்தத்தில் எதிர்பொருள் (கிருமியைப் பிடிக்க உடல் உண்டாக்கும் புரதம்) கூடிவிட்டது, வரைபடத்தில் கோடு ஏறுகிறது, அப்புறம் என்ன, தடுப்பூசி தயார்! இந்தத் துறைக்குப் புதிதாக வருகிற பலர் முதலில் சறுக்குவது இங்கேதான்.

1960களின் நடுவில் ஆர்எஸ்வி என்ற சுவாச வைரஸை ஃபார்மலினால் செயலிழக்கச் செய்து குழந்தைகளுக்குப் போட்டுப் பார்த்தார்கள். எதிர்பொருள் உருவானது. ஆனால் பிறகு நிஜ வைரஸ் தொற்றியபோது, ஊசி போட்ட குழந்தைகளுக்கே நோய் கடுமையானது. ஒரு சோதனையில் தொற்று வந்த 20 பேரில் 16 பேரை மருத்துவமனையில் சேர்த்தார்கள். 2 குழந்தைகள் இறந்தன. எதிர்பொருள் இருந்தும், வைரஸை முடக்கும் வலு அதற்குப் போதவில்லை. வைரஸ் செல்லோடு இணைய உதவும் எஃப் புரதம், இணையும் முன் ஒரு வடிவத்திலும் இணைந்தபின் வேறு வடிவத்திலும் இருக்கும். வைரஸை வலுவாக முடக்கும் எதிர்பொருள் பெரும்பாலும் முன்வடிவத்தைத்தான் பிடிக்கும். அந்த முன்வடிவத்தைக் குலையாமல் நிறுத்திக் காட்ட 2013 ஆனது. தடுப்பூசிக்கு அனுமதி கிடைத்தது 2023இல். எதிர்பொருளின் அளவைப் பார்த்ததோடு நிற்காதீர்கள், அது என்ன செய்கிறது என்றும் பாருங்கள்.

தயாரிப்பும் சேமிப்பும் வேறு யாரோ பார்த்துக்கொள்வார்கள் என்று ஒதுங்குவது இன்னொரு தவறு. எதிர்ப்பைக் கூட்டுவதற்காக அலுமினிய உப்பு சேர்த்த தடுப்பூசியை 2 முதல் 8 டிகிரியில் வைக்க வேண்டும். ஒருமுறை உறைந்துபோன குப்பியை உருகவைத்துக் குலுக்கிப் பாருங்கள்: திப்பி திப்பியாகத் திரண்டு மளமளவென்று அடியில் படியும். உறையாத குப்பியோ வெகுநேரம் கலங்கலாகவே இருக்கும். ஆய்வகத்தில் எவ்வளவு அழகாக வேலை செய்த மருந்தானாலும் சரி, உறைந்தால் வீண்தான்.

குறிப்பேட்டை வாரக் கடைசியில் மொத்தமாக எழுதாதீர்கள். எந்தத் தொகுதி, எப்போது உருக்கினீர்கள் என்பது திங்கட்கிழமைக்குள் மறந்துவிடும். எத்தனை எலி தேவை என்பதைச் சோதனைக்கு முன்பே புள்ளியியல் தெரிந்தவரிடம் கேட்டுவிடுங்கள். முடிந்தபின் கேட்டால் அவராலும் ஒன்றும் செய்ய முடியாது.

நிதி மறுக்கப்பட்டால் யோசனையே தப்பு என்று முடிவுகட்டுகிறார்கள். நிதி மறுப்பு வேறு, சோதனை முடிவு வேறு. திரும்பத் திரும்பச் செய்தும் சோதனை கைவிரித்தால் விட்டுவிடத்தான் வேண்டும். வீண் பிடிவாதம் எனக்குப் பிடிக்காது. உயிர்வேதியியலாளர் கட்டலின் கரிக்கோ கதை அப்படியல்ல. எம்ஆர்என்ஏ (எந்தப் புரதத்தைச் செய்ய வேண்டும் என்று செல்லுக்குச் சொல்லும் மூலக்கூறு) ஆய்வுக்கு நிதி கிடைக்காமல் 1995இல் பல்கலைக்கழகத்தில் பதவி இறக்கப்பட்டார். அவருடைய ஆர்என்ஏ செல்களில் அழற்சியைத் தூண்டியது. ஏன் என்று தேடினார். ஆர்என்ஏவின் கட்டுமானக் கூறுகளில் ஒன்றான யூரிடினுக்குப் பதில், அதன் சற்றே மாறிய வடிவமான சூடோயூரிடினை வைத்ததும் அது அடங்கியது. சக ஆய்வாளர் ட்ரூ வைஸ்மனோடு சேர்ந்து அதை வெளியிட்டது 2005இல், நோபல் வந்தது 2023இல்.