பொம்மைக்கு உயிர் கொடுப்பது எப்படி? சிறுவர் கதை எழுதத் தொடங்குவோருக்கு

பொம்மை உயிர்பெறும் கதை எழுத உட்காரும் பலர் முதலில் மந்திரத்தைத்தான் தேடுகிறார்கள். நள்ளிரவு, நிலா, எங்கிருந்தோ ஒரு தேவதை. உடனே பொம்மை எழுந்து பேசத் தொடங்கிவிடும். ஆனால் பேசுவது பொம்மையாக இருக்காது, பொம்மை வேடம் போட்ட ஒரு பையனாக இருக்கும். பொம்மை எதனால் ஆனதோ, அதிலிருந்துதான் கதை பிறக்க வேண்டும் என்பது என் கட்சி. தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மையை வைத்து ஒரு கதையைப் படிப்படியாகக் கட்டிப் பார்ப்போம்.

படி 1: பொம்மையைக் கையில் எடுங்கள்

நினைவிலிருந்து எழுத வேண்டாம். பொம்மையை எதிரில் வைத்து மூன்று கேள்விகளுக்கு விடை எழுதுங்கள். இது எதனால் ஆனது? எது இதை அழிக்கும்? இதனால் செய்யவே முடியாதது எது?

தலையாட்டியின் அடிப்பாகம் உருண்டை, எடையெல்லாம் அங்கேதான். எந்தப் பக்கம் தள்ளினாலும் நிமிர்ந்துவிடும். களிமண்ணும் காகிதக் கூழும் என்றால் தண்ணீர்தான் எதிரி. காலில்லை, ஆடி ஆடி நகர்ந்தால்தான் உண்டு. மூன்றாவது கேள்விக்கு வரும்போது கதை கிடைத்துவிடுகிறது: இந்தப் பொம்மையால் படுக்க முடியாது.

இதில் கைதேர்ந்தவர் டென்மார்க்கின் ஹான்ஸ் கிறிஸ்டியன் ஆண்டர்சன். 1838-இல் வெளிவந்த அவரது சிப்பாய்ப் பொம்மைக் கதையில், ஒரு பழைய வெள்ளீயக் கரண்டியிலிருந்து 25 சிப்பாய்களை வார்க்கிறார்கள். கடைசிச் சிப்பாய்க்கு உலோகம் போதவில்லை. ஒற்றைக் காலில் நிற்கிறான். எதிரே ஒரு காகித நடனக்காரி. அவள் உயரத் தூக்கிய கால் அவன் கண்ணில் படவில்லை. அவளுக்கும் ஒரே கால்தான் என்று எண்ணிவிடுகிறான். அங்கே பிறக்கிறது காதல். முடிவில் அடுப்புத் தீயில் வெள்ளீயம் உருகுகிறது, காற்றில் பறந்து வந்து விழும் காகிதம் எரிகிறது. காதலும் சாவும் அந்தக் கரண்டியிலும் காகிதத்திலும் முன்பே இருந்தன.

படி 2: இரண்டே விதிகள்

எப்போது அசையும், யார் கண்ணுக்குத் தெரியும். இவ்வளவு போதும். விதியைக் கூட்டக் கூட்ட நீங்களே மறந்துவிடுவீர்கள், குழந்தை மறக்காது. 'ராத்திரியில்தானே அசையும் என்று சொன்னாய்?' என்று மடக்கும்.

நல்ல விதி பொம்மைக்குச் சிக்கலை உண்டாக்கும். ரஸ்ஸல் ஹோபனின் 1967-ஆம் ஆண்டு நாவலில் வரும் எலித் தந்தையும் மகனும் சாவி கொடுத்தால் ஓடும் பொம்மைகள். தங்களுக்குத் தாங்களே சாவி கொடுத்துக்கொள்ள முடியாது. யாராவது திருகிவிட வேண்டும். அந்த நிலை மாற வேண்டும் என்பதே அவர்களுடைய தேடல்.

நம் கதைக்கான விதிகள்: கொலுப்படியில் இருக்கும் இரவுகளில் மட்டும் பொம்மைகள் அசையும். மனிதர் பார்க்கும்போது அசையாது.

படி 3: ஆசை

'நான் மனிதனாக வேண்டும்' என்ற ஆசையைத் தொடாதீர்கள். 1881-இல் தொடர்கதையாகத் தொடங்கிய கார்லோ கொலோடியின் மரப்பொம்மை பினோக்கியோ அந்தப் பாதை முழுவதும் நடந்து முடித்துவிட்டது. பொம்மையின் ஆசை அதன் இயலாமையிலிருந்து வரட்டும்.

விஜயதசமி இரவில் கொலுவில் ஒரு பொம்மையையாவது படுக்கவைப்பது வழக்கம். நம் தலையாட்டி இந்த ஆண்டுதான் வாங்கியது. இது அதற்கு முதல் கொலு. மரப்பாச்சி அதனிடம் இந்த வழக்கத்தைச் சொல்கிறது. அன்றிலிருந்து தலையாட்டிக்கு ஒரே ஏக்கம்: என்னையும் படுக்கவைப்பார்களா?

படி 4: அதன் உயரத்துக்குக் குனியுங்கள்

தரையில் மோவாயை வைத்துப் பாருங்கள். ஒரு சாண் பொம்மைக்குச் சுண்டல் கிண்ணம் குளம், கொலுப்படி செங்குத்துப் பாறை. எழுதும்போது 'உயிர் வந்தது', 'கண் சிமிட்டியது' போன்ற அறிவிப்புகள் வேண்டாம். நேராகச் செயலில் இறங்குங்கள்:

விளக்கு அணைந்தது. தலையாட்டி இடப்பக்கம் சாய்ந்தது. நிமிர்ந்தது. இன்னும் வேகமாகச் சாய்ந்தது. நிமிர்ந்தது.

"விளக்கு அணைந்ததிலிருந்து ஆடுகிறாயே, அலுக்கவில்லையா?" என்றார், கடை பரப்பி உட்கார்ந்திருந்த செட்டியார் பொம்மை.

"ஆடவில்லை. தூங்கப் பார்க்கிறேன்."

படி 5: நடுவில் ஒரு விபரீத யோசனை

இங்கேதான் பெரும்பாலான கதைகள் தொய்கின்றன. ஆசைக்கும் முடிவுக்கும் இடையில், பொம்மை தவறான வழி ஒன்றைத் தேட வேண்டும். படியிலிருந்து குதித்து அடிக்களிமண்ணை உடைத்துக்கொண்டால் படுக்கலாம். ஆனால் பிறகு எழவே முடியாது. தலையாட்டி விளிம்பு வரை ஆடி ஆடிப் போகட்டும். பழைய பொம்மைகள் கத்தட்டும். கூடவே இன்னொரு பயத்தையும் விதைத்து வையுங்கள்: கொலு முடிந்ததும் எல்லோரையும் இருட்டுப் பெட்டிக்குள் போட்டுப் பரணில் ஏற்றிவிடுவார்கள்.

படி 6: முடிவை வெளியிலிருந்து கொண்டுவராதீர்கள்

தேவதை வந்து வரம் கொடுத்தால், இதுவரை எழுதியது வீண். பொம்மைகளை எடுத்துவைக்கும் முறையைப் பாருங்கள். பழைய வேட்டித் துணியில் சுற்றி, இடைவெளியில்லாமல் அடுக்குகிறார்கள். பாட்டி தலையாட்டியைப் பக்கவாட்டில் வைத்து, இருபுறமும் துணியைத் திணிக்கிறாள். அது நிமிரப் பார்க்கிறது, முடியவில்லை. பயந்த பெட்டியே படுக்கையாகிவிட்டது.

படி 7: உரக்கப் படியுங்கள்

ஒரு குழந்தைக்குப் படித்துக் காட்டுங்கள். அதன் பார்வை எங்கே ஜன்னல் பக்கம் போகிறதோ, அந்தப் பத்தியை வெட்டுங்கள். கடைசியில் பாட்டி "ஆகையால், கண்ணு..." என்று ஏதாவது தொடங்கியிருந்தால் அந்த வரியையும் அடித்துவிடுங்கள்.