லேபல்ல இல்லாத ஆளைத் தேடுறது எப்படி? பினாங்குல மியூசியம் பயிற்சிக்கு வர்ற தம்பி தங்கச்சிங்களுக்கு

மியூசியம், கேலரி, ஹெரிட்டேஜ் ஆபீஸ்னு மூணு மாசம் ஆறு மாசம் பயிற்சிக்கு வர்ற பிள்ளைங்கள்ல பாதிப்பேருக்கு கிடைக்கிற வேலை கவுன்டர்ல உக்காந்து டிக்கெட் கிழிக்கிறதும், பள்ளிக்கூட பிள்ளைங்க வந்தா வரிசையா நிக்க வைக்கிறதும், மிச்ச நேரத்துல போஸ்டர் டிசைன் பண்றதும்தான். அதுவும் கத்துக்க வேண்டியதுதான், நான் குறை சொல்லல. ஆனா காலேஜ்ல குடுக்குற லோக்புக்ல உருப்படியா ஏதாச்சும் எழுதணும்னா, முதல் வாரமே சூப்பர்வைசர்கிட்ட போயி "இங்க லேபல்ல பேரு வராத ஒரு ஆளை, இல்ல ஒரு கூட்டத்தை நான் தேடிப் பாக்குறேன்"னு கேட்டு வாங்கிக்குங்க (லேபல்னா பொருளுக்குப் பக்கத்துல வைக்கிற விளக்க அட்டை). பெரும்பாலும் சரின்னுதான் சொல்வாங்க, ஏன்னா அவங்களுக்கு அதுக்கு நேரமே இருக்காது.

எங்கேருந்து ஆரம்பிக்கிறதுன்னு முழிக்க வேணாம். ஒரே ஒரு பொருள், இல்ல ஒரே ஒரு கட்டடம் எடுத்துக்குங்க. லேபலைப் படிக்கறதுக்கு முன்னாடி அஞ்சு நிமிஷம் சும்மா நின்னு பாருங்க, போனை பாக்கெட்ல வச்சிடுங்க. எங்க தேஞ்சிருக்கு, எங்க ஒட்டுப் போட்டிருக்கு, கைப்பிடி எந்தப் பக்கம் பளபளன்னு இருக்கு. அதுக்கப்புறம் லேபலைப் படிங்க, படிச்சிட்டு ஒரே ஒரு கேள்வி: இதை செஞ்சது யாரு, தூக்கிக்கிட்டு நடந்தது யாரு, கழுவி வச்சது யாரு? லேபல்ல முக்கால்வாசி சொந்தக்காரர் பேருதான் இருக்கும், வேலைக்காரர் பேரு இருக்காது. அந்த ஓட்டைதான் உங்க ப்ராஜெக்ட்.

இதுக்கு நல்ல பயிற்சி இடம் ஃபார்குவார் ஸ்திரீட் செயின்ட் ஜார்ஜ் சர்ச். 1818-ல கட்டி முடிச்சது, வெள்ளை வெளேர்னு தூணோட நிக்கும், டூரிஸ்ட் எல்லாம் படம் புடிச்சிட்டு போயிடுவாங்க. கட்டுனது கிழக்கிந்தியக் கம்பெனிக்காரன் இந்தியாவுலேருந்து கப்பல்ல ஏத்திட்டு வந்த கைதிங்க. ஃபோர்ட் கார்ன்வாலிஸ் கதையும் அதேதான், முதல்ல நிபோங்ங்கிற பனை வகை மரத்துல வேலி மாதிரி நட்டது, அப்புறம் 1804 வாக்குல செங்கல்லு கல்லு வச்சு திரும்ப கட்டுனப்ப உழைச்சதும் கைதிங்கதான். அந்தக் கோட்டையிலயே, பினாங்கை கம்பெனிக்காக புடிச்ச பிரான்சிஸ் லைட் சிலை ஒண்ணு நிக்குது பாருங்க, 1936-ல செஞ்சது. லைட்டோட படம் ஒண்ணும் கிடைக்காததால அவரு மகன் வில்லியமோட முகத்தைப் பாத்து செஞ்சாங்கன்னு சொல்வாங்க. ஆக பேரு இருக்குறவருக்கு இரவல் முகமாச்சும் கிடைச்சிருச்சு, கல்லு சுமந்தவங்களுக்கு பேரும் இல்ல முகமும் இல்ல. கைடா நிக்கும்போது இந்த ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சு சொல்லிப் பாருங்க, பிள்ளைங்க உடனே கேள்வி கேக்க ஆரம்பிச்சிடும்.

அடுத்தது நடை. வெயில் ஏறுறதுக்கு முன்னாடி போயிடுங்க. கடைத்தெருவுலேருந்து (மேப்ல லெபோ பசார்னு இருக்கும்) லெபோ குயின் மகாமாரியம்மன் கோயில், அங்கேருந்து சூலியா ஸ்திரீட்ல நாகூர் தர்கா, அப்புறம் கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல், எல்லாம் நடக்குற தூரம்தான். மாரியம்மன் கோயில் 1833, பள்ளிவாசல் 1801, இதெல்லாம் எந்த புரோஷர்லயும் இருக்கு, அதை மறுபடி எழுதி ஒண்ணும் ஆகப்போறது இல்ல. நீங்க பாக்க வேண்டியது உபயம் எழுதுன கல்லுங்களை. பழைய கோயில்னா சுவத்துல, படிக்கட்டுல, வெளக்குல, மணியில, எங்க பாத்தாலும் "உபயம்"னு ஒரு பேரு இருக்கும். அதுல பேரு மட்டுமில்ல, பல நேரம் சொந்த ஊரு, தொழிலு, எந்தக் கூட்டத்தாரு, எல்லாம் வந்துரும். சாமி கும்பிட வந்தவங்க அதுமேல சாஞ்சி உக்காந்திருப்பாங்க, நகரச் சொல்லிப் படிக்கணும், கொஞ்சம் கூச்சமாதான் இருக்கும், பரவால்ல.

அந்தக் கல்லுல வருஷம் சில சமயம் 1899-ன்னு இருக்காது, "விகாரி வருஷம் தை மாசம்"னு இருக்கும். பயந்துடாதீங்க. தமிழ் வருஷப் பேரு அறுபதுதான், திரும்பத் திரும்ப வரும். விகாரி 2019-ல வந்துச்சு, அதுக்கு முன்னாடி 1959, அதுக்கும் முன்னாடி 1899. கல்லோட எழுத்து, கட்டடத்தோட வயசு, பக்கத்துல இருக்குற வேற கல்லு, இதையெல்லாம் வச்சு எந்த சுத்துன்னு முடிவு பண்ணலாம். இன்னொண்ணு, தமிழ் வருஷம் ஏப்ரல் நடுவுல தொடங்குது, அதனால அந்த சுத்து விகாரி தைன்னா 1899 இல்ல, 1900 ஜனவரி-பிப்ரவரி. இந்த ஒரு விஷயத்தை ஒழுங்கா செஞ்சாலே உங்க சூப்பர்வைசர் நிமிந்து பாப்பாரு. தமிழ் படிக்கத் தெரிஞ்ச பயிற்சிப் பிள்ளை மியூசியத்துக்கு எவ்வளவு பெரிய லாபம்னு அவங்களுக்கே அப்பதான் புரியும்.

கல்லுக்கு அடுத்தது ஆளு. வயசானவங்ககிட்ட பேசப் போறப்ப "பாட்டி உங்க வாழ்க்கை வரலாறு சொல்லுங்க"ன்னு ஆரம்பிச்சா "என்னாத்தா சொல்றது, எல்லாம் கஷ்டம்தான்"னு ஒரே வரியில முடிச்சிடுவாங்க. சின்னக் கேள்வியா கேளுங்க. ரப்பர் தோட்டத்துல இருந்தவங்கன்னா, பெரட்டு (காலையில ஆளுங்களைக் கூட்டி பேரு கூப்பிடுறது) எத்தனை மணிக்கு, இருட்டுல மரத்துக்கு எப்படி போவீங்க, வெளக்கு யாரு குடுத்தா, கைப்பிள்ளையை யாருகிட்ட விட்டுட்டு போவீங்க, ஒட்டுப்பாலை (உறைஞ்ச ரப்பர் பாலு) எங்க கொண்டு போயி எடை போடுவீங்க, மழை பேஞ்சா அன்னைக்கு சம்பளம் உண்டா. கப்பல்ல வந்தவங்கன்னா ரஜூலான்னு ஒரு பேரைச் சொல்லிப் பாருங்க, 1926-ல கட்டுன கப்பல், மெட்ராஸ், நாகப்பட்டணம், பினாங்குன்னு பல வருஷம் ஓடுச்சு. அந்தப் பேரைக் கேட்டதும் மேல்தட்டுல எங்க படுத்தாங்க, என்ன சாப்பாடு, யாரு வாந்தி எடுத்தா, எல்லாம் தானா வரும். கோரண்டியில (நோய் பரவாம இருக்க ஆளுங்களைத் தனியா வைக்கிற இடம்) வச்சாங்களான்னும் கேளுங்க, பினாங்கு பக்கத்துல இருக்குற ஜெரெஜாக் தீவுல இறக்கி வச்ச கதை சில வீட்டுல இன்னும் இருக்கு. அந்தத் தீவைப் பத்தி இப்ப கேட்டா எல்லாரும் 1969-லேருந்து 1993 வரைக்கும் இருந்த ஜெயிலைத்தான் சொல்வாங்க, அதுக்கு ரொம்ப முன்னாடியே அங்க தொழுநோயாளிங்களையும் கப்பல்ல வந்த கூலியாளுங்களையும் வச்சிருந்தது பேச்சுல வராது.

ரெக்கார்டிங் பத்தி சுருக்கமா: போனை ஃப்ளைட் மோட்ல போடுங்க, காத்தாடியை நிறுத்தச் சொல்லிக் கேளுங்க, டிவியை கண்டிப்பா நிறுத்துங்க. ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி எதுக்கு எடுக்குறோம் எங்க போடுவோம்னு தமிழ்ல தெளிவா சொல்லி சம்மதம் வாங்குங்க, பேரு போட வேணாம்னா போடாதீங்க. பேத்தி சரின்னா பத்தாது, பாட்டி சரின்னு சொல்லணும். பழைய அடையாள கார்டு, பாஸ்போர்ட், கல்யாண போட்டோ ஏதாச்சும் எடுத்துக் காட்டுனா அங்கயே போன்ல ஸ்கேன் பண்ணிக்குங்க, "எடுத்துட்டு போயி திருப்பித் தர்றேன்"னு மட்டும் சொல்லாதீங்க. அப்படிப் போன போட்டோ திரும்பி வராத வீடுங்க நிறைய, அதனாலதான் சில அங்கிள்மாரு நம்மளைப் பாத்தாலே முகத்தைத் திருப்பிக்கிறாங்க, நியாயம்தானே.

பழைய காயித ஆதாரத்துக்கு வெளிய அலைய வேண்டியதில்ல. சிங்கப்பூர் தேசிய நூலகம் பழைய பேப்பருங்களை இன்டர்நெட்ல போட்டு வச்சிருக்கு, ஸ்ட்ரெய்ட்ஸ் எக்கோ, பினாங் கெஸட் மாதிரி நம்ம ஊரு பேப்பரும் இருக்கு, 1935-ல தொடங்குன தமிழ் முரசும் இருக்கு. தேடும்போது ஒரே ஸ்பெல்லிங்கை நம்பாதீங்க, முத்துசாமியை வெள்ளைக்காரன் நாலு விதமா எழுதியிருப்பான். அந்தக் காலத்து பேப்பர்ல நம்மளை கிளிங்னுதான் போட்டிருப்பான், கேக்க கோவம் வரும், ஆனா அந்த வார்த்தையைப் போட்டுத் தேடலன்னா பாதி செய்தி கண்ணுல படாது. கோர்ட் செய்தி, விபத்து செய்தி, காணோம்னு போட்ட விளம்பரம், சாதாரண ஜனங்க பேரு வர்ற இடம் இதுதான்.

எந்தக் கதையை எடுக்கறதுன்னு கேட்டா என் ஆசை ரெண்டு. நிபோங் திபால் பக்கம் கலிடோனியா தோட்டத்துல 99 கதவு பங்களான்னு இடிஞ்ச வீடு ஒண்ணு இருக்கு, யூடியூப் முழுக்க அதுல பேய் இருக்குன்னு வீடியோ. அந்த வட்டாரமே ஒரு காலத்துல கரும்புத் தோட்டம், ஒப்பந்தக் கூலியா வந்த தமிழாளுங்க வெட்டுன கரும்பு. அந்த முறையை 1910-லதான் நிறுத்துனாங்க. பேயைத் தேடி ராத்திரி போற கூட்டத்துல ஒருத்தராச்சும் கரும்பு வெட்டுனவன் எங்க படுத்தான்னு கேட்டிருப்பாங்களா? (அனுமதி இல்லாம உள்ள போயிடாதீங்க, கட்டடம் பாழடைஞ்சது, தலைமேல விழும்.) இன்னொண்ணு, ஜப்பான்காரன் காலத்துல பினாங்குல நடந்த இந்தியன் சுவராஜ் இன்ஸ்டிட்யூட், இந்திய விடுதலைக்காக ரகசிய வேலைக்கு ஆளுங்களைப் பழக்குன இடம். இங்க பயிற்சி எடுத்து 1942-ல சப்மரைன்ல போயி கேரளக் கரையில இறங்கிப் புடிபட்டவரு வக்கம் காதர், 1943 செப்டம்பர்ல மெட்ராஸ் ஜெயில்ல தூக்குல போட்டாங்க. கேரளாவுல அவரைத் தெரியும், அவரு பயிற்சி எடுத்த ஊர்ல நம்ம பிள்ளைங்கள்ல எத்தனை பேருக்குத் தெரியும்னு உங்க கிளாஸ்ல கேட்டுப் பாருங்க.

கடைசியா எழுதுறது. லேபல்னா நின்னுக்கிட்டே படிக்கிற அளவுதான், பத்து வரி தாண்டக்கூடாது. "முதல்", "மிகப் பழமையான", "ஒரே" இந்த மூணையும் கை தானா எழுதும், ஆதாரம் கையில இல்லன்னா அடிச்சிடுங்க. பாட்டி சொன்னதைப் பாட்டி சொன்னதுன்னே எழுதுங்க, பேப்பர்ல வந்ததை பேப்பர் பேரு தேதியோட எழுதுங்க, ரெண்டும் ஒத்துப் போகலன்னா ரெண்டையும் போடுங்க, நீங்களா ஒண்ணை மறைக்காதீங்க. மலாய்லயும் இங்கிலீஷ்லயும் எழுதிட்டு தமிழை கூகுள்ல போட்டு எடுக்குற பழக்கம் வேணவே வேணாம், முதல்ல தமிழ்ல எழுதுங்க. அப்புறம் பிரிண்ட் போகறதுக்கு முன்னாடி, யாரைப் பத்தி எழுதுனீங்களோ அவங்க வீட்டுக்குப் போயி சத்தமா படிச்சுக் காட்டுங்க, ஊரு பேரு தப்பா இருந்தா அங்கயே திருத்திடுவாங்க. ரெக்கார்டிங் ஒரு காப்பி பென்டிரைவ்ல போட்டு அவங்க கையில குடுங்க, ஒண்ணு மியூசியத்துக்கு, ஃபைலுக்கு "ஆடியோ ஃபைனல் புது" மாதிரி பேரு வைக்காம தேதி, இடம், யாரு பேசுனாங்கன்னு போட்டு வைங்க, உங்களுக்கு அப்புறம் வர்ற பயிற்சிப் பிள்ளை அதைத் திறந்து பாக்கணும்ல.