சாம்ப்ளருக்கு மிக்சரும் எஃபெக்ட் கருவிகளும் தேர்ந்தெடுப்பது எப்படி? பீட் செய்யத் தொடங்குவோருக்கான செய்முறை

கணினியைத் தொடாமல், ஒலித்துண்டுகளைப் பதிந்து வெட்டி பேடுகளைத் தட்டி ஒலிக்கவைக்கும் சாம்ப்ளரில் மட்டுமே பீட் (தாள இசை) செய்வது என்று முடிவெடுத்தவர்கள் கடையில் முதலில் கேட்பது, "எத்தனை சேனல் மிக்சர் வாங்கலாம்?" என்பதுதான். மிக்சர் என்பது பல கருவிகளின் ஒலியை ஒன்றாகக் கலக்கும் கருவி; ஒவ்வொரு கருவியும் நுழையும் வழிதான் சேனல். அந்த எண்ணிக்கையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். மிக்சருக்குள் போன ஒலி வெளியே வருவதற்கு எத்தனை தனி வழிகள் உள்ளன என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். 2021இல் வெளிவந்த ரோலண்ட் எஸ்பி-404 எம்கே2 சாம்ப்ளர், ஒரு டர்ன்டேபிள் (இசைத்தட்டைச் சுழற்றி ஒலிக்கவைக்கும் கருவி), ஒரு சிறிய அனலாக் மிக்சர் ஆகிய மூன்றையும் எடுத்துக்காட்டாக வைத்துக்கொண்டு இதை விளக்குகிறேன்.

படி 1: பாதையை வரையுங்கள்

பணத்தை எடுப்பதற்கு முன் ஒரு தாளை எடுங்கள். ஒவ்வொரு கருவிக்கும் ஒரு கட்டம் போட்டு, ஒலி செல்லும் திசையை அம்புக்குறியால் காட்டுங்கள். எந்த இடத்திலாவது அம்புகள் சுற்றி வந்து வட்டமாக மூடிக்கொண்டால், அந்த இடத்தைச் சிவப்பு மையால் குறித்துவிடுங்கள்.

நான் வரையாமல் தொடங்கியவன். சாம்ப்ளரின் வெளியீட்டை மிக்சரின் ஒரு சேனலிலும், மிக்சரின் மெயின் வெளியீட்டை (எல்லாம் கலந்து வெளிவரும் வழி) சாம்ப்ளரின் உள்ளீட்டிலும் செருகிவிட்டு, சாம்ப்ளரில் வெளி ஒலியைத் திறந்துவிடும் எக்ஸ்டர்னல் சோர்ஸ் பட்டனை அழுத்தினேன். சாம்ப்ளர் தனக்குள் வந்த ஒலியை வெளியே அனுப்ப, மிக்சர் அதையே திரும்பச் சாம்ப்ளருக்கு அனுப்ப, ஒரே நொடியில் அறை முழுவதும் அலறியது. ஸ்பீக்கர் தப்பியது அன்றைய அதிர்ஷ்டம்.

படி 2: மிக்சரைத் தேர்ந்தெடுங்கள்

மேற்சொன்ன அலறலுக்கு மருந்து, மெயின் வெளியீடு அல்லாத இன்னொரு வெளியீடு. மேக்கி 802, 1202 போன்ற சிறிய மிக்சர்களில் ஒவ்வொரு சேனலிலும் "மியூட் / ஆல்ட் 3-4" என்ற பட்டன் இருக்கும். அதை அழுத்தினால் அந்தச் சேனலின் ஒலி மெயினிலிருந்து விலகி, ஆல்ட் 3-4 என்ற தனி ஸ்டீரியோ வெளியீட்டுக்குப் போகும். அந்த வெளியீட்டைச் சாம்ப்ளரின் உள்ளீட்டோடு இணைத்துவிட்டால், டர்ன்டேபிள் சேனலில் பட்டனை அழுத்திப் பதிவு செய்து, சாம்ப்ளரின் சேனலை மெயினில் கேட்டுக்கொண்டிருக்கலாம். சாம்ப்ளரின் சேனலில் மட்டும் அந்தப் பட்டனை அழுத்தாதிருந்தால் வட்டம் மூடாது. பழைய மிக்சர் விலைக்கு வரும்போது நான் முதலில் தேடுவது இந்த ஒரு பட்டனைத்தான்.

ஆல்ட் இல்லாத மிக்சரில் ஆக்ஸ் செண்டை (சேனலின் ஒலியில் ஒரு பங்கைத் தனியாக வெளியே அனுப்பும் வழி) அதே வேலைக்குப் பயன்படுத்தலாம். டர்ன்டேபிள் சேனலின் ஆக்ஸ் குமிழைத் திறந்து, சாம்ப்ளர் சேனலின் ஆக்ஸ் குமிழைப் பூஜ்யத்தில் வைக்க வேண்டும். ஆக்ஸ் வழியாக வருவது இடம், வலம் பிரியாத மோனோ ஒலிதான். டிரம், பேஸ் ஆகியவற்றை எடுப்பதற்கு அது ஒரு குறையே அல்ல.

ஸ்டீரியோ சேனலின் பேலன்ஸ் குமிழையும் சாதாரணமாக எண்ண வேண்டாம். 1960களின் ஸ்டீரியோ இசைத்தட்டுகள் பலவற்றில் டிரம் ஒரு பக்கமும் பாட்டு மறுபக்கமுமாகப் பிரிந்து கிடக்கும். குமிழை ஒரு பக்கமாக முழுவதும் திருப்பினால், எந்த மென்பொருளும் இல்லாமல் டிரம் மட்டும் கையில் கிடைக்கும்.

படி 3: டர்ன்டேபிளைச் சரியாக இணையுங்கள்

டர்ன்டேபிளின் ஊசியிலிருந்து வருவது சுமார் 5 மில்லிவோல்ட் மட்டுமே. அதோடு, இசைத்தட்டு வெட்டப்படும்போது ஆர்ஐஏஏ எனும் இசைத்தட்டுத் தரவிதிப்படி அடிச்சுரங்கள் குறைக்கப்பட்டும் மேல்சுரங்கள் கூட்டப்பட்டும் இருக்கும். அடி, மேல் இரு முனைகளிலும் இந்த மாற்றம் ஏறத்தாழ 20 டெசிபல் வரை போகும். இதைத் திருப்பிச் சரிசெய்யும் போனோ ப்ரீஆம்ப் இல்லாமல், வலுவான ஒலியை எதிர்பார்க்கும் சாதாரண லைன் உள்ளீட்டில் செருகினால், ஒலி தகர டப்பாவில் கூழாங்கல்லைக் குலுக்கியது போல் மெலிந்து கேட்கும். டர்ன்டேபிளிலேயே போனோ/லைன் ஸ்விட்ச் இருந்தால் லைனில் வையுங்கள். இல்லையென்றால் தனி ப்ரீஆம்ப் தேவை.

படி 4: ஒலி அளவை வையுங்கள்

சிவப்பு விளக்கு எரியும் வரை ஏற்றிப் பதிவு செய்ய வேண்டும் என்ற அறிவுரை, சாம்ப்ளர்கள் ஒலியை 12 பிட் துல்லியத்தில் பதிந்த காலத்தது. 12 பிட்டின் வீச்சு (மிக மெல்லிய ஒலிக்கும் மிக உரத்த ஒலிக்கும் உள்ள இடைவெளி) ஏறத்தாழ 72 டெசிபல்தான் என்பதால், அன்று தாழ்வாகப் பதிந்தால் இரைச்சல் மேலெழும். 16 பிட்டில் அது 96 டெசிபல். ஆகவே உச்சத்துக்குக் கீழே 6 டெசிபல் இடம் விட்டுப் பதிவதால் எந்த இழப்பும் இல்லை.

படி 5: எஃபெக்ட் எங்கே, எது?

சாம்ப்ளருக்கு முன்னால் போட்ட எஃபெக்ட் ஒலியோடு ஒட்டிக்கொள்ளும். பிறகு அதைப் பிரித்தெடுக்க முடியாது. எனவே ஈக்யூ (அடி, மேல் சுரங்களைக் கூட்டிக் குறைப்பது), ஃபில்டர் (சுரங்களில் ஒரு பகுதியை வடிகட்டுவது), கம்ப்ரஸர் (உரத்த ஒலியை அடக்குவது) ஆகியவற்றை முன்னாலும், ரிவெர்ப் (அறை முழங்குவது போன்ற ஒலி), டிலே (திரும்பத் திரும்ப வரும் எதிரொலி) ஆகியவற்றைப் பின்னாலும் வைப்பது தொடங்குவோருக்குப் பாதுகாப்பானது. ஒரு ஸ்னேர் டிரம் தட்டை ரிவெர்போடு பதிந்து, அதை வெட்டிப் பேடில் போட்டு வேகமாகத் தட்டிப் பாருங்கள்: ஒவ்வொரு தட்டிலும் ரிவெர்பின் வால் பாதியில் அறுந்து "சக்" என்று நிற்கும். வேண்டுமென்றே செய்தால் அது ஒரு பாணி. தெரியாமல் செய்தால் எரிச்சல்.

கம்ப்ரஸருக்கு மிக்சரின் இன்சர்ட் ஜாக் (சேனலின் ஒலியை வெளியே அனுப்பித் திரும்பப் பெறும் துளை) வேண்டும். அதில் செருகும் ஒரே பிளக்கின் முனை அனுப்புவதற்கும், அடுத்துள்ள வளையம் திரும்பப் பெறுவதற்குமாக இருக்கும். அதற்கென்றே ஒரு முனையில் இரண்டாகப் பிரியும் கேபிள் விற்கிறார்கள். அளவான விலையில் ஒரு கம்ப்ரஸர் வேண்டுமென்றால் எஃப்எம்ஆர் நிறுவனத்தின் ஆர்என்சி 1773 போதும்.

டிலேக்குக் கிட்டார் பெடல் நன்றாகவே உழைக்கும். ஆனால் பெடல் எதிர்பார்ப்பது கிட்டாரின் மெலிந்த ஒலி. ஆக்ஸிலிருந்து வருவதோ லைன் அளவு. ஆக்ஸ் குமிழைக் குறைவாக வைத்து மெல்ல ஏற்றுங்கள். பெடலில் மூல ஒலியை முழுவதும் அணைத்து, எஃபெக்ட் ஒலி மட்டும் வரும்படி வையுங்கள். பெரும்பாலான பெடல்களுக்கு 9 வோல்ட், நடுமுனை எதிர்மின் கொண்ட அடாப்டர் தேவை. வீட்டில் கிடக்கும் ஏதோ ஒரு அடாப்டரைச் செருகிப் பார்க்க வேண்டாம்.

பழைய சாம்ப்ளர்களின் கரகரப்புக்காகத் தனிக் கருவி வாங்க நினைப்பவர்களுக்கு ஒரு சிறு கணக்கு. 1987இல் வந்த ஈ-மியூ எஸ்பி-1200 மொத்தம் 10 நொடிதான் பதியும். ஒரு சாம்பிளுக்கு 2.5 நொடி. இடம் மிச்சப்படுத்த, 33 வேகத் தட்டை 45இல் ஓட்டிப் பதிந்து, உள்ளே சுருதியை இறக்கினார்கள். அதன் பதிவு விகிதம் (நொடிக்கு எத்தனை முறை ஒலியை அளக்கிறது என்பது) 26.04 கிலோஹெர்ட்ஸ்; பதியக்கூடிய சுரத்தின் மேல் எல்லை அதில் பாதி, சுமார் 13 கிலோஹெர்ட்ஸ்; வேகத்தை 1.35 மடங்கு இறக்கியபின் தட்டிலிருந்து மிஞ்சுவது 9.6 கிலோஹெர்ட்ஸ் வரைதான். சுருதியை இறக்கும்போது அந்தக் கருவி உண்டாக்கும் திரிபும் இதோடு சேரும். 48 கிலோஹெர்ட்ஸில் ஓடும் 404இல் இதே தந்திரம் அவ்வளவாக மங்கலைத் தராது. மிக்சரின் மேல்சுர ஈக்யூவை இறக்கிப் பதிந்து, 404இலேயே உள்ள, பழைய கருவி, பழைய இசைத்தட்டு ஆகியவற்றின் ஒலியைப் போலச் செய்யும் லோ-ஃபை, வினைல் சிம் எஃபெக்ட்களை முதலில் ஆறு மாதம் தேயும்வரை பயன்படுத்துங்கள். அதன்பின் கடைக்குப் போகலாம்.

படி 6: இரைச்சலைத் தேடுங்கள்

எல்லாவற்றையும் ஒரே பவர் ஸ்ட்ரிப்பில் செருகி, டர்ன்டேபிளின் எர்த் கம்பியை ப்ரீஆம்பின் திருகில் முடுக்குங்கள். தட்டு ஓடாமல் மிக்சரின் மெயின் ஒலி அளவை மெதுவாக ஏற்றுங்கள். "ம்ம்ம்" என்று 50 ஹெர்ட்ஸ் முனகல் கேட்டால், கேபிள்களை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பாருங்கள். எதைக் கழற்றும்போது முனகல் நிற்கிறதோ அங்கேதான் கோளாறு. முனகலை நிறுத்துவதற்காகப் பிளக்கின் எர்த் முனையை மட்டும் ஒருபோதும் உடைக்காதீர்கள். அமைதி வந்தபின், ஆல்ட் பட்டனை அழுத்தித் தட்டின் மீது ஊசியை இறக்குங்கள்.