மட்டக்களப்புக் கரையிலிருந்து பெருங்கப்பல் பார்ப்பதும் படமெடுப்பதும்

மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களின் கரையோரத்தில் இருப்பவர்களுக்குப் பெருங்கப்பல் என்பது பெரும்பாலும் அடிவானத்தில் நின்றுவிட்டதுபோல் தெரியும் ஒரு சாம்பல் நிறப் பொட்டுத்தான். ஒலுவிலில் 2013 ஆம் ஆண்டு திறக்கப்பட்ட துறைமுகம் வர்த்தகக் கப்பல்களையும் எண்ணியே கட்டப்பட்டதாயினும், அதன் வாயில் மணல் சேர்ந்துகொண்டே இருப்பதால், அங்கே கமராவோடு போய்ப் பெருங்கப்பலுக்காகக் காத்திருப்பதில் பயனில்லை. வாழைச்சேனைத் துறைமுகம் மீன்பிடிக் கலங்களுக்கு உரியது. ஆகவே இந்த ஆர்வம் உள்ளவருக்கு இரண்டு வழிகளே உண்டு: நம் கரையிலிருந்து, தூரத்தில் கடந்துபோகும் கப்பல்களைப் பார்க்கலாம், அல்லது திருகோணமலைக்குப் போய், துறைமுகத்துக்குள் வருகின்ற கப்பல்களைப் பார்க்கலாம். இரண்டிலும், எவ்வளவு பெரிய லென்ஸ் கையில் இருக்கிறது என்பதற்கு முன்னால், கப்பல் எந்த நேரத்தில் எங்கே இருக்கும், அப்போது வெயில் எந்தப் பக்கத்தில் நிற்கும் என்ற கணக்கைச் சரியாகப் போட்டுக்கொள்ள வேண்டும்.

முதலில் நம் கரையை எடுத்துக்கொள்வோம். சுயெஸ் கால்வாயிலிருந்து சிங்கப்பூர் நோக்கிச் செல்லும் மிகப் பெரிய கொள்கலன் கப்பல்கள் இலங்கையின் தென்கோடியான தெவுந்தர முனைக்குத் தெற்கே நேராகக் கிழக்கு நோக்கிப் போய்விடுகின்றன. அவை நம் பக்கம் திரும்புவதில்லை. சென்னை, விசாகப்பட்டினம், கொல்கத்தா போன்ற துறைமுகங்களுக்கும் திருகோணமலைக்கும் போகின்றவைதான் இலங்கையின் தென்கிழக்கு மூலையைச் சுற்றி வடக்கே ஏறுகின்றன. இவற்றில் எது நம் கண்ணுக்குத் தெரியும் என்பதைப் பூமியின் வளைவு தீர்மானிக்கிறது. பார்ப்பவரின் கண் கடல் மட்டத்திலிருந்து எத்தனை மீற்றர் உயரத்தில் உள்ளதோ, அதன் வர்க்கமூலத்தை 3.57 ஆல் பெருக்கினால், அடிவானம் எத்தனை கிலோமீற்றர் தூரத்தில் இருக்கிறது என்பது கிடைக்கும். கல்லடிக் கடற்கரையில் அலை தொடும் இடத்தில் நிற்பவரின் கண் 1.6 மீற்றர் உயரத்தில் இருந்தால் அவருடைய அடிவானம் வெறும் 4.5 கிலோமீற்றர்தான். ஆனால் கப்பலின் உச்சிக்கும் அதே கணக்கு உண்டு: 36 மீற்றர் உயரமான மேற்கட்டு, அதாவது கப்பல் தளத்தின் மேல் எழுந்து நிற்கும் கட்டடம், 21 கிலோமீற்றரைச் சேர்த்துத் தருவதால், அதன் உச்சியை ஏறத்தாழ 26 கிலோமீற்றர் தூரத்திலேயே காணலாம். நீரிலிருந்து ஒன்பது மீற்றர் உயர்ந்து நிற்கும் கப்பலின் உடலோ 15 கிலோமீற்றருக்குள் வந்த பிறகே தலைகாட்டத் தொடங்கும். அடிவானத்தில் வெள்ளைக் கட்டடம் ஒன்று மட்டும் மிதப்பதுபோல் தோன்றுவதன் காரணம் இதுதான். ஆதலால் கடற்கரையோரத்து இரண்டு மாடிக் கட்டடத்தின் மொட்டைமாடிகூட, உரிமையாளரின் அனுமதியுடன், பெரிய வித்தியாசத்தைத் தரும். பாலமீன்மடுவில் முகத்துவாரத்தருகே நிற்கும் வெளிச்சவீட்டின் 28 மீற்றர் உயரத்துக்குக் கணக்குப் போட்டால் அடிவானம் ஏறத்தாழ 19 கிலோமீற்றருக்குத் தள்ளிப்போகிறது. அங்கே வெளிச்சவீட்டைக் கட்டியவர்களின் நோக்கமும் அதுவே.

எந்தக் கப்பல் எப்போது வரும் என்பதைக் கைத்தொலைபேசியில் அறிந்துகொள்ளலாம். சர்வதேசப் பயணத்தில் ஈடுபடும் 300 தொன்னும் அதற்கு மேற்பட்டதுமான கப்பல்கள் தம் பெயர், இருப்பிடம், வேகம், திசை ஆகியவற்றை வானொலி அலை மூலம் அறிவித்துக்கொண்டே இருக்க வேண்டும் என்பது சர்வதேச விதி. அந்த அறிவிப்புகளைத் திரட்டி வரைபடத்தில் காட்டும் மரைன் ட்ராஃபிக், வெசல் ஃபைண்டர் போன்ற செயலிகளை இலவசமாகவே பயன்படுத்தலாம். ஆனால் இலவசச் சேவையில் தெரிவது பெரும்பாலும் கரையிலுள்ள வாங்கிகளுக்கு எட்டும் கப்பல்கள் மட்டுமே. செய்மதி வழியாகக் கிடைக்கும் இருப்பிடத்துக்குப் பணம் கேட்பார்கள். எனவே கரையை விட்டு விலகியதும் கப்பல் வரைபடத்தில் உறைந்துபோனால் பதறத் தேவையில்லை. கடைசியாகத் தெரிந்த இடத்தையும் நேரத்தையும் வேகத்தையும் குறித்துக்கொண்டு நாமே கணிக்கலாம். ஒரு நொட் என்பது மணிக்கு 1.852 கிலோமீற்றர். பன்னிரண்டு நொட் வேகத்தில் தெற்கு நோக்கிப் போகும் ஒரு கப்பல் திருகோணமலையிலிருந்து மட்டக்களப்புக்கு நேர் வெளியே வர ஏறத்தாழ ஐந்து மணித்தியாலம் எடுக்கும். தெவுந்தர முனையைத் தாண்டி வடக்கே வருவதற்கு ஏறத்தாழ அரை நாளாகும். செயலியில் காட்டப்படும் ‘வந்துசேரும் நேரம்’ கப்பலில் உள்ளவர்கள் கையால் பதிவது. பலர் அதைத் திருத்த மறந்துவிடுவார்கள். நான் அந்த நேரத்தை நம்புவதேயில்லை. வேகத்தையும் தூரத்தையும்தான் நம்புகிறேன்.

இனி வெயில். நம்முடைய கரை கிழக்கு நோக்கியது என்பதைப் படமெடுக்க வருபவர்கள் பலர் அழகான சூரிய உதயமாக மட்டுமே நினைக்கிறார்கள். கப்பலுக்கு அது இடைஞ்சல். காலையில் சூரியன் கப்பலுக்குப் பின்னால் நிற்பதால், பெயரும் நிறமும் தெரியாத கரிய நிழலுருவமே படத்தில் பதியும். அதுதான் வேண்டுமென்றால் காலை ஐந்தரைக்குப் போகலாம். கப்பலை அடையாளம் காட்டும் படம் வேண்டுமாயின் பிற்பகல் மூன்றரைக்குப் பின்னரே கரைக்குப் போக வேண்டும். அப்போது வெயில் நம் முதுகுக்குப் பின்னாலிருந்து நேரே கப்பலின் பக்கவாட்டில் விழும். மாலை ஐந்து மணிக்குத் தென்னை மரங்களின் நிழல் மணலையும் நம்மையும் மூடிவிட்ட பிறகும், வெளிக்கடலில் போகும் கப்பலின் மேல் மஞ்சள் வெயில் எரிந்துகொண்டிருக்கும். ஒரு நாளின் மிகச் சிறந்த அரை மணித்தியாலம் அதுதான், ஆனால் பெரும்பாலானவர்கள் ‘வெயில் போய்விட்டது’ என்று அந்த நேரத்தில்தான் கமராவை உறையில் போடுகிறார்கள்.

நண்பகலில் தூரத்துக் கப்பலை எடுக்கவே வேண்டாம். சூடான காற்று கடலின் மேல் நெளியும்போது, எரியும் அடுப்புக்கு மேலாகப் பார்ப்பதுபோல், கப்பலின் கோடுகள் எல்லாம் ஆடும். எவ்வளவு விலைகொடுத்து வாங்கிய லென்ஸும் அதைச் சரிசெய்யாது. மே முதல் ஓகஸ்ட் வரை வீசும் கச்சான் காற்றுக் காலத்தில் கடல் அடங்கியிருக்கும், மேகம் குறைவாக இருக்கும். ஆனால் தரைக்காற்றின் சூடும் புழுதியும் சேர்வதால் மாலை வெயிலுக்குக் காத்திருப்பது இன்னும் அவசியமாகிறது. நவம்பர் முதல் ஜனவரி வரையான மாரியில் மழை ஓய்ந்த மறுநாளில், காற்றில் தூசி இல்லாத ஓரிரு மணித்தியாலங்கள் கிடைக்கும். தூரத்துக் கப்பலுக்கு ஆண்டிலேயே தெளிவான நேரம் அதுவே.

கப்பலை அருகில் பார்க்க விரும்புபவர், வாகரை, வெருகல், மூதூர், கிண்ணியா வழியாகச் செல்லும் நெடுஞ்சாலையில் திருகோணமலைக்குப் போக வேண்டும். ஒரே நாளில் போய்த் திரும்பலாமாயினும் ஓர் இரவு தங்குவதே நல்லது, ஏனெனில் அங்கே வெயிலின் கணக்கு இடத்துக்கு இடம் மாறுகிறது. பிரட்றிக் கோட்டைக்கு மேலே கோணேசர் ஆலயம் அமைந்திருக்கும் பாறையிலிருந்து வெளிக்கடலும் கொட்டியாரக் குடாவின் அகன்ற வாயும் தெரியும். அங்கிருந்து பார்க்கும் கப்பல்களுக்கு மட்டக்களப்பைப்போல் பிற்பகலே ஏற்றது. உட்துறைமுக வீதியில் நிற்கும்போதோ துறைமுகம் நமக்கு மேற்கே கிடக்கிறது; அங்கே காலை வெயில்தான் முதுகுக்குப் பின்னால் இருக்கும். ஆகவே காலையில் உட்துறைமுகம், மாலையில் கோணேசர் மலை என்று வைத்துக்கொண்டால் வெயில் வீணாகாது. ஆலயம் வழிபாட்டிடம் என்பதையும், வழியில் உள்ள கோட்டைக்குள் இராணுவம் இருப்பதையும் மறக்கக் கூடாது.

சீனக்குடாவுக்கு வருகின்ற கப்பல்களில் பிறீமா மா ஆலைக்குக் கோதுமை கொண்டுவருபவை, சீமெந்து ஆலைக்கு அதன் மூலப்பொருளான கிளிங்கர் கொண்டுவருபவை, எண்ணெய்க் கப்பல்கள் ஆகியவை முக்கியமானவை. கோதுமைக் கப்பல் ஒன்றை வரும்போதும் போகும்போதும் பார்ப்பது நல்ல பாடம். வரும்போது அது நீரில் ஆழ அமிழ்ந்து, சிவப்புப் பூச்சு ஒரு மெல்லிய கோடாகக்கூடத் தெரியாமல் வரும். சரக்கை இறக்கிவிட்டுப் புறப்படும்போது, நீருக்கடியில் இருந்த சிவப்பு முழுவதும் பல மீற்றர் உயரத்துக்கு வெளியே எழுந்து, கப்பலின் முன்பகுதியான அணியத்தின் கீழே உருண்டு நீண்ட குமிழ் மூக்கு நீரைப் பிளந்துகொண்டு தெரியும். அணியத்தில் வெள்ளை எண்கள் செங்குத்தாக எழுதப்பட்டிருப்பதைத் தொலைநோக்கியால் படித்துப் பாருங்கள். மீற்றர் அளவில் ஒவ்வோர் எண்ணும் பத்து சென்ரிமீற்றர் உயரமானது. எந்த எண்ணின் அடிவிளிம்பை நீர் தொடுகிறதோ அதுவே அந்த நேரத்தில் கப்பல் அமிழ்ந்திருக்கும் ஆழம்.

துறைமுகத்துக்கு வரும் கப்பலில் தவறவிடக் கூடாத காட்சி, வழிகாட்டி மாலுமியான பைலட் ஏறும் நேரம். பைலட் தேவை என்பதைத் தெரிவிக்க, மஞ்சளும் நீலமும் மாறி மாறி நிற்கும் கோடுகளைக் கொண்ட கொடியைக் கப்பல் ஏற்றும். பிறகு அது வேகத்தைக் குறைத்து, காற்று மறைந்த பக்கத்தில் கயிற்றேணியை இறக்கும். சிறிய பைலட் படகு ஒட்டி வந்து அலையில் எழுந்து தாழும்போது, படகு எழும்பும் கணத்தில் பைலட் ஏணியைப் பற்றிக்கொள்வார். கப்பலின் விளிம்பு நீரிலிருந்து ஒன்பது மீற்றருக்கு மேல் இருந்தால், கயிற்றேணியோடு சரிந்த படிக்கட்டையும் சேர்த்து இறக்கவேண்டும் என்பது விதி. அவர் ஏறியதும் வெள்ளையும் சிவப்பும் பாதிப்பாதியான கொடி மேலே போகும். கொடி மாறியதைக் கண்டதும் கமராவை ஆயத்தப்படுத்துங்கள். அடுத்து இழுவைப் படகுகள் வரும், கப்பல் திரும்பத் தொடங்கும். இறங்குதுறையில் எண்ணெய்க் கப்பல் செந்நிறக் கொடி ஒன்றைப் பறக்கவிட்டால், அது ஆபத்தான சரக்கைக் கையாள்கிறது என்று பொருள்.

கமராவைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 200 மீற்றர் நீளமான கப்பல் மூன்று கிலோமீற்றர் தூரத்தில் இருந்தால், முழுச்சட்டக் கமராவில் 200 மில்லிமீற்றர் லென்ஸ் அதைப் படத்தின் அகலத்தில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேலாக நிரப்பும். அதே தூரத்தில் கைத்தொலைபேசியின் சாதாரண லென்ஸுக்கு இருபதில் ஒரு பங்குதான் கிடைக்கும். அதனால் கைத்தொலைபேசியில் எடுப்பவர் கப்பலை மட்டும் தேடாமல், வலை இழுக்கும் தோணியையோ கரையையோ முன்னால் வைத்து எடுப்பதே மேல். பன்னிரண்டு நொட்டில் போகும் அத்தகைய கப்பல் தன் நீளத்தைக் கடக்க அரை நிமிடம் எடுப்பதால் கப்பலின் அசைவால் படம் கலங்குவதில்லை. கை நடுங்குவதால்தான் கலங்குகிறது. 400 மில்லிமீற்றருக்கு வினாடியில் ஐந்நூறில் ஒரு பங்கு வேகத்தையும் எட்டு (f/8) என்ற துளை அளவையும் வைத்தால் போதும். வெள்ளை மேற்கட்டு வெளிறிப்போகாதபடி ஒளியைச் சற்றுக் குறையுங்கள். அடிவானம் சரிந்தால் எவ்வளவு நல்ல படமும் கெட்டுவிடும். அணியத்துக்கு முன்னால் இடம்விட்டு, முகப்பும் ஒரு பக்கமும் சேர்ந்து தெரியும் கோணத்தில் எடுங்கள். இரவில் கமராவை முக்காலியில் வைத்து நங்கூரமிட்ட கப்பலை எடுக்கும்போது நீண்ட நேரம் திறந்துவைக்காதீர்கள். நங்கூரத்தைச் சுற்றி அது மெல்ல ஆடிக்கொண்டே இருக்கும். இரவில் பச்சை விளக்கும் சிவப்பு விளக்கும் ஒன்றாகத் தெரிந்தால், கப்பல் உங்களை நோக்கியே வருகிறது.

படத்துக்காகச் சிறு படகில் வெளியே போக நினைப்பவர் ஒன்றை மனத்தில் வைத்திருக்க வேண்டும்: பெருங்கப்பலின் மேற்கட்டு பெரும்பாலும் பின்பக்கத்தில் இருப்பதால், அணியத்துக்கு முன்னே உள்ள நீரை ஓட்டுபவர் காண முடியாது. கப்பலின் நீளத்தில் இரு மடங்கு அல்லது 500 மீற்றர், இரண்டில் எது குறைவோ அதுவரை அந்த மறைவு இருக்க விதியே இடம்கொடுக்கிறது. கப்பலின் முன்னால் ஒருபோதும் குறுக்கே போகாதீர்கள். கடற்படைக் கப்பல்களையும் முகாம்களையும் காவலரண்களையும் படமெடுக்காதீர்கள். திருகோணமலையில் அவை எங்கும் இருப்பதால் சட்டகத்துக்குள் என்ன விழுகிறது என்பதை ஒவ்வொரு முறையும் பார்த்துக்கொள்ளுங்கள். சிப்பாய் ஒருவர் வேண்டாம் என்றால் விவாதிக்காமல் நகர்ந்துவிடுவதே சரி. ட்ரோன் பறக்கவிடுவதற்கு சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையின் விதிகள் உண்டு. துறைமுகத்தின் மேல் அதை எண்ணியும் பார்க்க வேண்டாம்.

இந்தக் கரையில் பலரும் கேட்கும் பெருங்கப்பலோ கண்ணுக்குத் தெரியாது. 1942 ஏப்ரல் 9 ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்த பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பலான ஹேர்மிஸ், மட்டக்களப்புக்கு வெளியே ஐம்பது மீற்றருக்கும் அதிகமான ஆழத்தில் கிடக்கிறது. தேர்ந்த சுழியோடிகளுக்கே அது எட்டும்; கரையில் நின்று எடுப்பதற்கு ஒன்றும் இல்லை.

வீட்டுக்கு வந்ததும் லென்ஸின் முகப்பை உலர்ந்த துணியால் துடைக்காதீர்கள். காய்ந்த உப்பு கண்ணாடியைக் கீறும். நல்ல நீரில் சற்று நனைத்துப் பிழிந்த மென்துணியால் உப்பைக் கரைத்தெடுத்த பிறகே உலர் துணியைத் தொடுங்கள். படங்களைக் கப்பலின் பெயரில் சேமிப்பதைவிட, ஐ.எம்.ஓ. என்ற எழுத்துகளுக்குப் பின்னால் வரும் ஏழிலக்க எண்ணில் சேமிப்பது நல்லது. கப்பல் கைமாறும்போது பெயரும் கொடியும் பூச்சும் மாறும், அந்த எண் மாறாது. பின்புறத்தில் பெயருக்குக் கீழே எழுதப்பட்டிருக்கும் பதிவுத் துறைமுகத்தையும், எடுத்த திகதியையும் நேரத்தையும் சேர்த்துக் குறித்துவைத்தால், சில ஆண்டுகளுக்குப் பிறகு அதே கப்பல் வேறு பெயரில் கொட்டியாரக் குடாவுக்குள் வரும்போது அடையாளம் கண்டுகொள்ளலாம்.