பழைய காரின் ஏர்பேக்கை நம்பலாமா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

பழைய கார் வாங்க வருகிற தம்பிகள் பெயின்ட்டைத் தட்டிப் பார்க்கிறார்கள், ஏசியைப் போட்டுப் பார்க்கிறார்கள், மைலேஜ் கேட்கிறார்கள். மோதினால் உயிரைக் காக்கிற சாமான்கள் வேலை செய்யுமா என்று கேட்பவர் குறைவு. பட்டறையில் இதையே பார்த்து மனசு கேட்காமல்தான் எழுதுகிறேன்.

அணைந்த லைட்டை அப்படியே நம்புவது

சாவியைத் திருப்பியதும் ஏர்பேக் லைட் எரிந்து சில விநாடிகளில் அணைய வேண்டும். அணையாவிட்டால் கோளாறு. எரியவே இல்லையென்றால் அதுவும் கோளாறுதான், பல்பைப் பிடுங்கியிருக்கலாம்.

இதைவிடக் கொடுமை ஒன்று உண்டு. ஏர்பேக் கம்ப்யூட்டர் ஒவ்வொரு சுற்றின் மின்தடையையும் சோதித்துக்கொண்டே இருக்கும். ஏர்பேக்குக்குப் பதிலாக, ஏறக்குறைய அதே மின்தடை (ஓம்) உள்ள ரெசிஸ்டரைக் கனெக்டரில் சொருகிவிட்டால் அது ஏமாந்துவிடும். லைட் ஒழுங்காக அணையும், ஸ்கேனரிலும் பிழை வராது. மோதினால் மட்டும் ஒன்றும் நடக்காது.

அம்பாசமுத்திரத்துத் தம்பி ஒருவர் 2014 மாடல் வண்டியோடு வந்தார். சல்லிசான விலை. டிரைவர் பெல்ட்டை முழுசாக வெளியே இழுத்தேன். கடைசி ஒரு சாண் வண்டல் கறை. சீட்டுக்கு அடியில் ஏர்பேக் வயர்களை இணைக்கும் மஞ்சள் கனெக்டரின் பின்களில் பச்சைக் களிம்பு, பக்கத்தில் கறுப்பு டேப் சுற்றிய ரெசிஸ்டர். 2023 டிசம்பர் 17, 18-ல் தாமிரபரணி வெள்ளத்தில் நின்ற வண்டி. ஏர்பேக் கம்ப்யூட்டர் பெரும்பாலும் நடுவில், தரையை ஒட்டித்தான் இருக்கும். தண்ணீர் ஏறினால் தப்பாது.

"லைட்டு சரியாத்தான அணையுது, அண்ணாச்சி?" என்றார். அம்மாவை உட்கார வைத்து நாங்குநேரி நாலுவழிச் சாலையில் ஓட்டிக்கொண்டிருந்த வண்டி அது. ரெசிஸ்டர் சொருகியவனை நினைத்தால் இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை. கம்ப்யூட்டர், பெல்ட், வயரிங் எல்லாம் மாற்றியதில் விலையில் மிச்சம் பிடித்த பணம் போய்விட்டது.

வாங்கும் முன் பெல்ட்டை முழுக்க இழுத்துப் பாருங்கள், சீட்டுக்கு அடியில் டார்ச் அடியுங்கள். மஞ்சள் கனெக்டரில் மட்டும் மல்டிமீட்டர் வைக்காதீர்கள்; ஏர்பேக் கையிலேயே வெடிக்கலாம்.

வயசானால் ஏர்பேக் தானாகக் கெட்டுவிடும் என்று நினைப்பது

பெரும்பாலும் கெடாது. கம்பி, கனெக்டர், ஸ்டியரிங்குக்குள் சுருண்டிருக்கும் வயரான கிளாக் ஸ்பிரிங் இவைதான் முதலில் போகும். ஏர்பேக் லைட் எரிந்து ஹாரனும் நின்றுபோனால் கிளாக் ஸ்பிரிங்கைச் சந்தேகப்படுங்கள்.

பெரிய விதிவிலக்கு தகாட்டா என்ற ஜப்பான் கம்பெனியின் இன்ஃப்ளேட்டர், அதாவது ஏர்பேக்கை ஊதி விரிக்கும் பாகம். அதிலிருந்த அமோனியம் நைட்ரேட் பல வருட வெக்கையிலும் ஈரத்திலும் சிதைந்தது. விரியும்போது உலோகச் சில்லுகள் தெறித்து உயிர்கள் போயின. இந்தியாவிலும் வண்டிகளைத் திரும்ப அழைத்தார்கள். நம் வெயிலும் உவரிப் பக்கத்துக் கடல் ஈரமும் அதற்குத் தோதானவை. சேசிஸ் நம்பரைக் கம்பெனி தளத்தில் போட்டுப் பாருங்கள். அழைப்பு இருந்தால் இலவசமாக மாற்றித் தருவார்கள்.

விபத்தில் இறுகிய பெல்ட்டைத் திரும்ப மாட்டுவது

மோதும்போது பெல்ட்டை வெடுக்கென்று இறுக்கும் ப்ரீடென்ஷனர் ஒரு தடவைக்குத்தான்.

டயரில் பட்டன் மட்டும் பார்ப்பது

பக்கவாட்டில் 2316 என்றிருந்தால் 2016-ன் 23-ஆவது வாரத்தில் செய்தது. இவ்வளவு வயசான டயரை, பட்டன் எவ்வளவு இருந்தாலும் மாற்றுங்கள்.