மிக்ஸினைத் தனியாகச் சாப்பிட முடியாது

பலருக்கும் மிக்ஸின் (பல கிளாஸ்களோடு சேர்த்துக்கொள்ளத் தனியாக எழுதி வைக்கும் மெத்தடுகளின் தொகுப்பு) என்ற சொல் பைத்தான், ரூபி போன்ற நிரல்மொழிகளைப் படிக்கும்போதுதான் அறிமுகமாகிறது. அதனால் அது அங்கேதான் பிறந்தது என்று நினைத்துவிடுகிறோம். ஸ்மால்டாக் என்ற பழைய நிரல்மொழியிலிருந்து வந்தது என்பவர்களும் உண்டு. ஸ்மால்டாக்-80இல் ஒரு கிளாஸ் மெத்தடுகளைப் பெறுவது ஒரே ஒரு தாய் கிளாஸிடமிருந்துதான். கூடுதலாக மிக்ஸினைச் சேர்க்க இடமில்லை, பிறகு எப்படி?

உண்மையில் அது வந்தது 1979 வாக்கில், அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் லிஸ்ப் மெஷின் கணினிகளுக்காக ஹோவர்ட் கேனன் உருவாக்கிய ஃபிளேவர்ஸ் என்ற அமைப்பில். பக்கத்து ஊரான சாமர்வில்லில் ஸ்டீவ்ஸ் என்றொரு ஐஸ்கிரீம் கடை இருந்தது. வெனிலா, சாக்லேட் என ஏதாவது ஒரு ஃபிளேவர் கேட்டால், அதில் நட்ஸ், பிஸ்கட் தூள், மிட்டாய்த் துண்டுகளைப் பிசைந்து தருவார்கள். கலக்கும் அந்தச் சாமான்களுக்குப் பெயர் மிக்ஸ்-இன். ஃபிளேவர்ஸில் எல்லாவற்றுக்கும் அடியில் இருந்த கிளாஸின் பெயரே வெனிலா ஃபிளேவர்!

இந்தக் கதையைத் துணுக்காகச் சொல்லிச் சிரித்துவிட்டு, அதிலுள்ள விதியை மறந்துவிடுகிறோம். முந்திரி, ஐஸ்கிரீமின் ஒரு வகை அல்ல. ‘கார் ஒரு வாகனம்’ என்ற பாடத்தை வைத்துக்கொண்டு மிக்ஸினைத் தாய் கிளாஸாக வடிவமைப்பதும், அதிலிருந்தே நேரடியாக ஒரு ஆப்ஜெக்ட் உருவாக்கிப் பார்ப்பதும் அதனால்தான் சரிவருவதில்லை.

மிக்ஸின் தனக்கு என்ன தேவை என்பதைச் சொல்லாமல் விடுவது இன்னொரு தவறு. ஃபிளேவர்ஸில் ‘என்னோடு சேர்பவரிடம் இந்த மெத்தடுகளும் மாறிகளும் இருந்தாக வேண்டும்’ என்று அறிவிக்கவே தனி வசதி இருந்தது. இன்று நாம் ஒரு டாக்ஸ்டிரிங்கூட (நிரலுக்குள் எழுதும் விளக்கக் குறிப்பு) எழுதுவதில்லை. (மிக்ஸினுக்கென்று தனிக் கட்டளை அங்கேயும் கிடையாது. பெயரின் முடிவில் மிக்ஸின் என்று சேர்ப்பது வெறும் வழக்கம்தான். கணினி ஆய்வாளர்கள் பிராக்காவும் குக்கும் 1990இல் எழுதிய கட்டுரைதான் அதை ஒரு முறையான கருத்தாக்கியது.)

சரி, அதிகம் அடி வாங்க வைப்பது மிக்ஸின்களைப் பட்டியலிடும் வரிசைதான். ஃபிளேவர்ஸில் ஒரு மெத்தடுக்கு ‘முன்’, ‘பின்’ என்று டீமன்களை (அந்த மெத்தடுக்கு முன்னும் பின்னும் தானாக ஓடும் துணை மெத்தடுகள்) சேர்க்கலாம். மிக்ஸினில் எழுதிய ‘முன்’ டீமன், அந்த மிக்ஸின் பட்டியலில் எங்கே இருந்தாலும் ஓடும். எது முதலில் ஓடும் என்பதைத்தான் வரிசை தீர்மானிக்கும். பைத்தானில் அந்தப் பாதுகாப்பு இல்லை. இடமிருந்து தேடி, முதலில் கிடைக்கும் மெத்தடை மட்டும் ஓட்டும். அது சூப்பரை (வரிசையில் அடுத்துள்ள கிளாஸின் மெத்தடை அழைக்கும் வழி) அழைத்தால்தான் அடுத்தவருக்கு வாய்ப்பு.

நானே மாட்டியிருக்கிறேன். பைத்தானில் இணையதளம் கட்டும் ஜாங்கோவில், ஒரு பக்கத்துக்கு அதைக் காட்டும் டெம்ப்ளேட்வியூ கிளாஸை முதலில் எழுதி, லாகின் செய்தவரை மட்டும் உள்ளே விடும் லாகின்ரெக்வயர்ட்மிக்ஸினை அதற்கு வலப்பக்கம் போட்டுவிட்டேன். பிழைச்செய்தி எதுவும் வரவில்லை, பக்கமும் அழகாகத் திறந்தது. லாகின் செய்யாதவர்களுக்கும் திறந்தது! பக்கத்துக்கான கோரிக்கையைக் கையாளும் வியூவின் டிஸ்பேட்ச் மெத்தட் முதலில் கிடைத்துவிட்டது, அது சூப்பரை அழைப்பதில்லை. மிக்ஸின் சும்மா உட்கார்ந்திருந்தது. இரண்டு பெயர்களையும் இடம் மாற்றினேன், அவ்வளவுதான். அப்புறம் லாகின் செய்யாமல் அந்தப் பக்கத்தைத் திறந்து பார்க்கும் டெஸ்ட் ஒன்றையும் எழுதி வைத்தேன்.