கிளாஸுக்கு ரெக்கார்டர் வாங்கறப்ப நடக்கற தப்புங்க

போன ஞாயித்துக்கிழமை கிருஷ்ணகிரில பாலிட்டி (அரசியலமைப்பு) கிளாஸ் எடுத்துட்டு இருந்தேன், என் மேசை மேல மூணு ரெக்கார்டர். அதுல ஒண்ணுல சிவப்பு லைட்டு எரியறதும் அணையறதுமா இருக்கு, நான் பேசுனா எரியுது, போர்டு பக்கம் திரும்புனா அணைஞ்சுடுது. பாத்ததும் எனக்கு பகீர்னு ஆயிடுச்சு. பாலக்கோட்டுல இருந்து வர்ற ஒரு தம்பியோடது. "தம்பி, வாய்ஸ் ஆக்டிவேஷன் ஆன்ல இருக்குதா?"ன்னு கேட்டேன். "ஆமாங்க சார், பேசுனா மட்டும்தான் எடுக்கும், மெமரி மிச்சம்"னு பெருமையா சொல்றான். தர்மபுரில டிஎன்பிஎஸ்சி குரூப் 2 பரீட்சைக்கு கோச்சிங் போனப்ப நானும் இதே பெருமையோடதான் சுத்திட்டு இருந்தேன்.

சார்ஜ் போடாம வர்றது, பட்டன அமுக்க மறக்கறது இதெல்லாம் நான் சொல்லப் போறதில்ல, ஒரு தடவ பட்டா தானா திருந்திடுவீங்க. கீழ இருக்கறது பட்டாலும் மூணு மாசம் கழிச்சுத்தான் தெரியும்.

"பேசுனா மட்டும் எடுக்கும்"

பெட்டி மேல இத பெருசா வசதின்னு போட்டிருப்பான். விஷயம் என்னன்னா, மைக்குக்கு வர்ற சத்தம் ஒரு அளவுக்கு மேல ஏறுனாத்தான் அது முழிச்சு எடுக்க ஆரம்பிக்கும், கொஞ்ச செகண்ட் அமைதியா இருந்தா திரும்ப தூங்கிடும். சத்தம் வந்த பிறகுதானே முழிக்குது, அதனால ஒவ்வொரு தடவையும் முதல் ரெண்டு மூணு எழுத்து காலி. மெதுவா சொன்னா அந்த வாக்கியமே காலி.

ரெண்டு மூணு எழுத்துதானேன்னு நெனைக்காதீங்க. தமிழ்ல நம்பர் சொல்றப்ப பத்துதான் முன்னாடி வரும், "நாப்பத்தி நாலு", "எழுபத்தி நாலு". முன்னாடி வெட்டிட்டா ரெண்டுமே "த்தி நாலு"தான். தர்மபுரில எங்க சார் போர்டுல எழுதிட்டு, பாதி திரும்பி மெதுவா பேசற ஆளு. வீட்டுல போட்டு கேட்டா, நகராட்சி பத்தி பேச்சு, உடனே "...த்தி நாலாவது திருத்தம், முக்கியம்", உடனே சொத்துரிமை. நடுவுல அவரு ரெண்டு நிமிசம் போர்டுல எழுதுன இடைவெளி இருந்திருக்கு, மிஷின் அத தூக்கிட்டு ரெண்டு தலைப்பயும் ஒட்டி வெச்சிருச்சு. நானும் சொத்துரிமைய அடிப்படை உரிமைல இருந்து எடுத்தது 74ன்னு நோட்டுல எழுதி அடிக்கோடு வேற போட்டேன். அது 1978ல வந்த 44வது திருத்தம், 74 நகராட்சிகளுக்கு வந்தது. மாக் டெஸ்ட்ல போட்டுட்டு வந்து சார் கிட்டயே சண்டைக்கு நின்னேன், ரெக்கார்டிங் இருக்குங்க சார்னு. இப்ப நெனச்சாலும் கூசுது.

இன்னொரு எரிச்சல் இருக்கு. கிளாஸ்ல புரியாத எடத்துல நோட்டு ஓரத்துல மணிய குறிச்சு வெப்பேன், வீட்டுல வந்து அந்த எடத்துக்கு போயி கேக்கலாம்னு. பத்து மணிக்கு ஆரம்பிச்ச கிளாஸ்ல 11.20ன்னு குறிச்சா, ரெக்கார்டிங்ல ஒரு மணி இருபது நிமிசத்துல இருக்கணும்ல? இருக்காது. அமைதியான நேரமெல்லாம் வெட்டுப்பட்டு அது அம்பத்தஞ்சாவது நிமிசத்துலயோ எங்கயோ கெடக்கும். மூணு மாச ரெக்கார்டிங், ஒரு மணி குறிப்பு கூட பொருந்தல. கடைசில கூட படிச்ச பொண்ணோட நோட்ட வாங்கி ஜெராக்ஸ் எடுத்தேன்.

சரி, அணைச்சுடலாமேன்னா நான் அப்ப வெச்சிருந்த மிஷின்ல அணைக்கவே முடியாது. பெங்களூரு எஸ்.பி. ரோட்டுல ஒரு கடைல 1,800 ரூபா குடுத்து வாங்குனது, ஸ்க்ரீன் கிடையாது, மெனு கிடையாது, எப்பவும் அதே மோடுதான். அதனால வாங்கறப்ப மொதல்ல கேக்க வேண்டியது, இத ஆஃப் பண்ண முடியுமா? கடைக்காரர் முடியும்னா விட்டுடாதீங்க, பண்ணி காட்ட சொல்லுங்க. அப்பறம் கவுண்டர்ல வெச்சுட்டு ஆறடி தள்ளி நின்னு மெதுவான குரல்ல "நாப்பத்தி நாலு"ன்னு சொல்லி, பத்து செகண்ட் சும்மா நின்னு, "எழுபத்தி நாலு"ன்னு சொல்லுங்க. சொந்த இயர்ஃபோன்ல போட்டு கேளுங்க. கடைக்காரர் ஒரு மாதிரி பாப்பாரு, பாக்கட்டும்.

மெமரி மிச்சம்ங்கற கதைக்கு கணக்கு சொல்றேன். எம்பி3ல 128 கேபிபிஎஸ் தரத்துல ஒரு மணி நேரத்துக்கு சுமார் 58 எம்பி. 4 ஜிபில 60 மணி நேரத்துக்கு மேல தாங்கும். எதுக்கு மிச்சம் புடிக்கணும்? சத்தத்த சுருக்காம வெக்கற வேவ் ஃபார்மேட்ல சிடி தரத்துல போட்டாத்தான் மணிக்கு 600 எம்பிக்கு மேல போகும், பாடம் கேக்க அதெல்லாம் தேவையில்ல.

கடைசி பெஞ்சுல வெக்கறது

தூரம் ரெட்டிப்பானா மைக்குக்கு நேரா வர்ற குரல் 6 டெசிபல் கொறையும். ஃபேன் சத்தம் கொறையாது, அது உங்க தலைக்கு மேலதான சுத்துது. சார் பேச்ச நிறுத்துனதும் மிஷின் தானா சத்தத்த ஏத்திக்கும், அப்ப ஃபேன் மட்டும் ஹெலிகாப்டர் மாதிரி கேக்கும். எங்க கிளாஸ் ஷீட் போட்ட மாடி, மழை வந்தா சார் குரலே கேக்காது, ரெக்கார்டர் என்ன பண்ணும். லோ கட்னு ஒரு செட்டிங் இருந்தா ஆன் பண்ணுங்க, உறுமல் கொஞ்சம் அடங்கும். அடியில கர்ச்சீப்ப மடிச்சு வைங்க, பக்கத்துல இருக்கறவன் பெஞ்ச தட்டுனா காதுல இடி விழாது.

32 ஜிபி பேனா ரெக்கார்டர்

வேண்டாம். 32ன்னு போட்டு உள்ள 4 இருந்தத நானே பாத்திருக்கேன்.

பேட்டரி

கழட்டி மாத்தற மாதிரி வாங்குங்க. நான் இப்ப வெச்சிருக்கறது சோனி பிஎக்ஸ்470, ரெண்டு ட்ரிபிள் ஏ பேட்டரி, பொட்டிக்கடைல கூட கெடைக்கும், பஸ் ஸ்டாண்டுல எறங்கி வாங்கிட்டு கிளாஸுக்கு போயிடலாம். ஸ்டாப் அமுக்காம பேட்டரிய உருவாதீங்க, ஃபைல் முழுசா சேவ் ஆகாம அன்னைக்கு கிளாஸே போயிடலாம்.

போனே போதாதா

போதும், ஏரோப்ளேன் மோடுல போட்டா. போடாம விட்டா நடுவுல வீட்டுல இருந்து கால் வரும்.

பர்மிஷன்

எடுக்கறதுக்கு முன்னாடி சார் கிட்ட கேளுங்க. என் மேசைல இருந்த மூணுல ரெண்டுதான் யாரோடதுன்னு தெரிஞ்சுது, மூணாவது இன்னும் என் பைலதான் இருக்கு.